பம்பு ஓடும்வரை பூநாரை

தென் பிரான்ஸின் காமார்க் பற்றிய சுற்றுலாப் படம் எதை எடுத்தாலும் மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள்: தண்ணீரைச் சிதறடித்து ஓடும் வெள்ளைக் குதிரை, கொம்பை உயர்த்திய கறுப்புக் காளை, வரிசைகட்டி நிற்கும் பூநாரை. ஐரோப்பாவின் கடைசிக் காட்டுநிலம் என்ற தோரணையில் படத்துக்கு அடியில் ஒரு வரியும் இருக்கும். அதை முழுப்பொய் என்று தள்ள முடியாது. ஆனால் அந்தப் படங்களில் மண்கரையும் மதகும் பம்புசெட்டும் வருவதே இல்லை. அவை இல்லாமல் காமார்க்கைப் புரிந்துகொள்ளவும் முடியாது. அங்கே இன்று நடக்கும் சண்டை, காட்டை அழிக்கலாமா கூடாதா என்பதல்ல. உப்புக்காகவும் நெல்லுக்காகவும் மனிதர் உருவாக்கிய நீர் ஏற்பாட்டில் குடியேறிவிட்ட உயிர்களை, அந்த ஏற்பாட்டை நடத்தியவர்கள் கடையைக் கட்டியபின் என்ன செய்வது என்பதுதான்.

ரோன் ஆறு ஆர்ல் நகரத்துக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே போகும் பெரிய ரோன், நீரில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் மேற்கே சின்ன ரோனில் போகிறது. இரண்டுக்கும் நடுவில் மத்தியதரைக் கடல்வரை விரியும் முக்கோணம்தான் காமார்க். பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர்கூட உயரமில்லை. நடுவில் வக்காரெஸ் என்ற காயல் இருக்கிறது. சுமார் 6,500 ஹெக்டேர் பரப்பு, ஆழமோ இரண்டு மீட்டருக்குள். ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். ஆனால் வெயிலும், வடக்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரால் காற்றும் சேர்ந்து அதைப்போல் இரண்டு மடங்கு நீரை ஆவியாக்கிவிடும். மேலிருந்து வரும் நீரைவிட மேலே போகும் நீர் அதிகம் என்பதால், ஆறு கைவிட்டால் அடிமண்ணின் உப்பு கோடையில் மேலே ஏறிப் பூத்துவிடும்.

ஆற்றைக் கைவிட வைத்தது மனிதர்கள்தான். 1856இல் ரோன் பெருவெள்ளம் ஆர்லையும் சுற்றியுள்ள ஊர்களையும் மூழ்கடித்தது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் நேரில் வந்து பார்த்தார். அதற்கு முன்பே ஆற்றங்கரைகளில் துண்டு துண்டாகக் கரைகள் இருந்தன. வெள்ளத்துக்குப் பிறகு அவற்றை உயர்த்தித் தொடர்ச்சியாக இணைத்தார்கள். கடல் பக்கத்தில் 1859வாக்கில் ஒரு நீண்ட கடற்கரையணை எழுந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் டெல்டா முழுவதையும் சுற்றி மதில் கட்டியாயிற்று. ஊர்கள் பிழைத்தன. ஆனால் ஆண்டுதோறும் பரவி வந்து உப்பைக் கழுவி வண்டலைப் போட்டுவிட்டுப் போன ஆறு, இப்போது இரண்டு கரைகளுக்கு நடுவே நேராகக் கடலுக்குப் போய்விட்டது. இனி உள்ளே நல்ல நீர் வேண்டுமென்றால் பம்பு வைத்து இறைக்க வேண்டும், இறைத்த நீரை வடிகாலில் விட வேண்டும். எங்கே உப்பு, எங்கே நன்னீர், எந்த மாதம் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அன்றிலிருந்து யாரோ ஒருவர் மதகில் கை வைத்து முடிவு செய்யும் விஷயமாகிவிட்டது.

இந்த முடிவை எடுத்தவர்கள் இரண்டு கட்சி. வடக்கே நெல்காரர்கள், தெற்கே உப்புக்காரர்கள்.

நெல் இங்கே முதலில் மண்ணைக் கழுவத்தான் வந்தது. வயலில் நீரைத் தேக்கி நிறுத்தினால் உப்பு கீழே இறங்கும். பிறகு கோதுமை போடலாம். சாப்பாட்டுக்கான நெல் சாகுபடியாக அது தலையெடுத்தது இரண்டாம் உலகப் போரின்போது. அதன் பின்னால் ஒரு கசப்பான கதை உண்டு. 1939–40இல் பிரான்ஸ் தன் இந்தோசீனக் காலனியிலிருந்து, இன்றைய வியட்நாமிலிருந்து, சுமார் 20,000 ஆட்களைப் பெரும்பாலும் கட்டாயப்படுத்தித் தொழிற்சாலை வேலைக்குக் கொண்டுவந்தது. நாடு தோற்ற பிறகு அவர்களில் சிலரை காமார்க் வயல்களில் இறக்கியது. நாற்றும் நடவும் தெரிந்த கைகள் அவை. அவர்கள் காட்டிய வழியில்தான் பிரான்ஸின் நெல் மறுபடி வேர் பிடித்தது. நினைவுச்சின்னம் 2014இல்தான் சலின் தெ ஜிரோ ஊரில் வைத்தார்கள். போருக்குப் பிறகு சாகுபடி பெருகி, 1960களின் தொடக்கத்தில் 30,000 ஹெக்டேரைத் தொட்டு, அப்புறம் சந்தையும் மானியமும் ஆடிய ஆட்டத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. நெல்லுக்காக ரோனிலிருந்து இறைக்கும் நீரில் ஒரு பகுதி வடிகால் வழியாக வக்காரெஸில் விழுகிறது, பூச்சிமருந்து மிச்சத்தோடு. அந்த வடிகால் நீர்தான் காயலின் உப்பைத் தணித்தும் வைத்திருக்கிறது. நல்லது கெட்டது இரண்டும் ஒரே வாய்க்காலில் வந்தால் எதை அடைப்பது?

தெற்கே உப்பளங்கள். சலின் தெ ஜிரோ, 1850களில் சோடா என்ற ரசாயனம் தயாரிக்கும் ஆலைக்கு உப்பு தர ஒரு தொழிலதிபர் தொடங்கிய இடம். ஊரே கம்பெனி கட்டியது: வடக்கத்திப் பாணியில் செங்கல் வரிசை வீடுகள், கிரேக்க, இத்தாலிய, ஆர்மீனியத் தொழிலாளர் குடும்பங்கள். உச்சத்தில் சுமார் 11,000 ஹெக்டேர் உப்பளம், ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. வேலை நமக்குப் புதிதல்ல. வசந்த காலத்தில் கடல்நீரைப் பம்பு வைத்து உள்ளே ஏற்றி, பாத்தி பாத்தியாக ஓடவிட்டு, கோடை வெயிலில் கெட்டியாக்கி, இலையுதிர் கால மழைக்கு முன் உப்பை வாரிவிடுவது. வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் சொன்னால் உடனே புரியும். அளவும் இயந்திரமும்தான் வேறு.

இந்த வேலைதான் பூநாரைக்குத் தாய்வீடாக அமைந்தது. எப்படி என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீர், பாத்திகளில் நகர நகர 100, 150, 200 கிராம் என்று ஏறுகிறது. அந்த இடைப்பட்ட உப்பில் மீன் உயிர்வாழாது. மீன் இல்லாத இடத்தில் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறால் தட்டிக்கேட்க ஆளில்லாமல் பெருகும். இறால் பண்ணைக்காரர்கள் குஞ்சு இறாலுக்கு ஊட்டும் அதே ஆர்ட்டீமியாதான். உப்பைத் தாங்கும் நுண்பாசி ஒன்றில் கரோட்டின் இருக்கிறது. அதைத் தின்னும் ஆர்ட்டீமியா வழியாகப் பூநாரையின் இறகுக்கு நிறம் போகிறது. பூநாரை தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழாக நீரில் வைத்து, நாக்கைப் பம்புபோல் இயக்கி, அலகின் ஓரத்துச் சீப்புப் பற்களில் நீரை வடிகட்டும். சில நேரம் அலகு அசையாமல் மையத்தில் இருக்க, கால் மட்டும் சேற்றை மிதித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிவரும். நீர் வற்றியபின் பாத்தியின் அடித்தரையில் வளையம் வளையமாகப் பள்ளம் தெரிந்தால், அது அந்த மிதியின் தடம்.

இது சாப்பாடு. கூடு வேறு கணக்கு. பூநாரை ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு, சேற்றைக் குவித்து மேடாக்கி, ஆளுக்கு ஒரே ஒரு முட்டை இடும். ஒரு மாத அடைகாப்பு, குஞ்சு பறக்க மேலும் இரண்டரை மாதம். அத்தனை நாளும் கூடுகள் உள்ள திட்டைச் சுற்றி நீர் இருக்க வேண்டும். நீர் வற்றினால் நரியும் காட்டுப்பன்றியும் நடந்தே வந்துவிடும். மத்தியதரைப் பகுதியின் இயற்கையான சதுப்பில் ஏப்ரல், மே மாதங்களில் நீர் வற்றத் தொடங்கும். மழை ஏமாற்றினால் அந்த ஆண்டுக் கூடே இல்லை. உப்பளத்திலோ சரியாக அந்த மாதங்களில்தான் பம்பு ஓடும். கம்பெனி உப்புக்காக இறைத்தது, பறவைக்கு அகழியாயிற்று.

ஆனாலும் 1960களில் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து காமார்க்கில் பூநாரை குஞ்சு பொரிக்கவில்லை. பழைய திட்டுகள் அரித்துப்போயிருந்தன. தாழப் பறக்கும் விமானத் தொந்தரவும் கடற்புறாக்களின் தொல்லையும் வேறு. 1970இல் ஃபங்காசியே என்ற உப்பளக் குளத்தில் ஆராய்ச்சியாளர்களும் உப்புக் கம்பெனியும் சேர்ந்து மண் கொட்டி ஒரு செயற்கைத் தீவை உண்டாக்கினார்கள். பறவை திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மனிதர்களே சேற்றைக் குவித்துப் பொய்க்கூடுகள் செய்துவைத்த பிறகு, 1974இல் வந்து குடியேறின. அடுத்த நாற்பது ஆண்டுகள் பிரான்ஸில் பூநாரை கூடு கட்டிய இடம் என்றால் அநேகமாக அந்த ஒரு தீவுதான். பல ஆண்டுகளில் 10,000 இணைகளுக்கு மேல். 1977 முதல் அநேகமாக ஒவ்வொரு கோடையிலும் விடியற்காலையில் தன்னார்வலர்கள் கூடி, பறக்கத் தொடங்காத சாம்பல் நிறக் குஞ்சுகளைப் பட்டிக்குள் ஓட்டி, தொலைநோக்கியில் படிக்கக்கூடிய எழுத்துப் பொறித்த வளையங்களைக் காலில் மாட்டிவிடுகிறார்கள். அந்த வளையங்கள் ஸ்பெயின், இத்தாலி, துனிசியா, துருக்கி, மேற்கு ஆப்பிரிக்கா என்று பல இடங்களில் படிக்கப்பட்டிருக்கின்றன. பூநாரை 40 வயதுவரைகூட வாழும் என்பது இப்படித்தான் உறுதியாயிற்று. காமார்க் பறவை என்று ஒரு தனிக்கூட்டம் கிடையாது, மத்தியதரைக் கடலைச் சுற்றி ஒரே பெரிய சொந்தபந்தம் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. 1985 ஜனவரிக் குளிரில் நீர் உறைந்து சுமார் 3,000 பூநாரைகள் செத்தபோதும் கூட்டம் சீக்கிரமே தேறியதற்கு இந்தச் சொந்தபந்தமும் ஒரு காரணம்.

நெல்காரர்களுக்குப் பூநாரை மேல் இந்தப் பாசம் கிடையாது. 1970களின் இறுதியிலிருந்து மே மாத இரவுகளில் விதைத்த வயலில் இறங்கி, நெல்லைத் தின்பதைவிட மிதித்தே நாசமாக்குகின்றன. சுடுவது சட்டப்படி குற்றம். வாயு வெடி, விளக்கு, ஆள் காவல் என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஆராய்ந்தபோது தெரிந்தது, சிறிய வயலாக இருந்து சுற்றிலும் உயரமான வேலிமரம் இருந்தால் பூநாரை இறங்கத் தயங்குகிறது என்பது. டிராக்டர் திரும்ப வசதியாக அந்த வேலிகளையெல்லாம் வெட்டியவர்கள் அதே விவசாயிகள்தான். குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஹெக்டேருக்கு மானியம் தருகிற கொள்கை வேலியை வெட்டத்தான் சொல்லும்.

பாதுகாப்பின் கதையும் கம்பெனி நிலத்திலிருந்தே தொடங்குகிறது. 1927இல் வக்காரெஸைச் சுற்றிய சுமார் 13,000 ஹெக்டேரை, அதன் உரிமையாளரான உப்பு–ரசாயன நிறுவனத்தோடு உடன்படிக்கை போட்டு, ஓர் இயற்கை ஆர்வலர் சங்கம் காப்பிடமாக்கியது. நிறுவனத்துக்கு அந்த நிலத்தில் வேறு ஆட்கள் வந்து நீரில் கைவைக்காமல் இருப்பது தேவையாக இருந்தது, சங்கத்துக்குப் பறவை. அடுத்து வந்தவர் லூக் ஹோஃப்மன். சுவிஸ் மருந்துக் கம்பெனிக் குடும்பத்து வாரிசு, பறவை ஆராய்ச்சியாளர். 1940களின் இறுதியில் தூர் து வலா என்ற பண்ணையை வாங்கி, 1954இல் அங்கே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். 1962 நவம்பரில் காமார்க்கின் கடற்கரை ஊரான சேந்த் மாரி தெ லா மேரில் சதுப்புநிலங்களுக்காக ஒரு சர்வதேச மாநாடு கூடியது. அங்கே விழுந்த விதைதான் 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் ஒப்பந்தமாக முளைத்தது. இந்தியா அதில் 1982இல் சேர்ந்தது. மாநாடு நடத்திய பிரான்ஸ் 1986இல்தான் சேர்ந்தது! தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமான கோடியக்கரை 2002இல் பட்டியலுக்குப் போனது. அங்கு வருவதும் அதே இனம், பெரும்பூநாரை. அங்கும் சதுப்பை ஒட்டிப் பெரிய உப்பளங்கள். எனவே காமார்க் உப்பளத்தில் பெரும்பகுதி மூடியபோது நடந்தது நமக்குத் தூரத்துச் சேதி அல்ல.

தாவரங்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது, ஏனென்றால் நீரில் யார் கைவைத்தார்கள் என்பதை முதலில் காட்டிக்கொடுப்பவை அவைதான். உப்புத் தரையில் நம் கடலோர உமரியின் நெருங்கிய உறவுகள் படர்ந்திருக்கும். கோடையில் பச்சை, இலையுதிர் காலத்தில் செக்கச் சிவப்பு. குளிர்காலத்தில் நீர் தேங்கி கோடையில் உப்புப் பூக்கும் வெளி அது. ஒரு சாண் உயர்ந்த மேட்டில் ஊதாப்பூ பூக்கும் லிமோனியம். வக்காரெஸின் தெற்கே ரியேஜ் என்ற பழைய மணல்மேட்டுத் தீவுகளில் ஜூனிப்பர் மரங்கள், மனிதர் போகத் தடை. நன்னீர் இறங்கும் இடத்தில் நாணல். அதற்குள் குருகு கூடு கட்டும், வெளியே கூரைக்கு நாணல் அறுப்பவர்கள் நிற்பார்கள். ஆண்டு முழுக்க நன்னீர் விட்டால் இன்னொன்றும் வரும்: தென் அமெரிக்காவிலிருந்து வந்த லுட்விஜியா, மஞ்சள் பூவோடு வாய்க்காலையே அடைத்துவிடும். கோடையில் காய விட்டால் அதன் ஆட்டம் குறையும். ஆனால் வாத்து வேட்டைக்காரர்களுக்குக் கோடையிலும் நீர் வேண்டும், வாடகை தருபவர்கள் அவர்கள்தான். அமெரிக்கச் சிவப்பு நண்டு இறாலும் இப்படித்தான் நன்னீரில் பெருகியது. அது தாவரங்களைத் தின்று தீர்க்கிறது. கொக்கும் அரிவாள் மூக்கனும் அதைத் தின்று கொழுக்கின்றன.

கொசு பற்றியும் ஒரு வார்த்தை. காமார்க்குக்கு மேற்கே உள்ள லாங்குதோக் கடற்கரையில் 1960களில் சுற்றுலா நகரங்கள் கட்ட, அரசு கொசுவை மருந்தடித்து ஒழித்தது. காமார்க்கை மட்டும் விட்டுவைத்தார்கள். 2006இல் சலின் தெ ஜிரோ பக்கம் சோதனையாக பி.டி.ஐ. என்ற பாக்டீரிய மருந்தைத் தெளித்தார்கள். கொசுவைத் தவிர எதையும் தொடாது என்று பெயர் வாங்கிய மருந்து. தூர் து வலா ஆட்கள் தகைவிலான் கூடுகளை எண்ணிப் பார்த்தார்கள். மருந்தடிக்காத இடத்தில் கூட்டுக்குச் சராசரி 3.2 குஞ்சு தேறியது, அடித்த இடத்தில் 2.3. கொசுவைத் தின்று வாழும் பறவைக்குக் கொசு வேண்டும். அங்கே குடியிருப்பவர்களுக்கு அந்தக் கணக்கை விளக்குவது எளிதல்ல. மாலையில் வாசலில் உட்கார முடியாதவர்களிடம் தகைவிலானைக் காட்டி என்ன பேசுவது.

சரி, உப்பளத்துக்கு வருவோம். 2000களில் ரசாயன ஆலைகளின் கொள்முதல் சரிந்தது. கடலோ இன்னொரு பக்கம் அரித்துக்கொண்டே வந்தது. ரோன் மேல்நீரில் அணைகள் பெருகியபின் கடலுக்கு வரும் வண்டல் குறைந்துவிட்டது. கடல் மட்டமும் கடந்த நூற்றாண்டில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது. ஃபராமான் முனையில் கரையிலிருந்து தள்ளிக் கட்டிய பழைய கலங்கரை விளக்கத்தை 1917இல் கடல் எடுத்துக்கொண்டது. உப்பளத்தின் முன்கரைக்கு ஆண்டுதோறும் கல் கொட்டிக் கட்டுப்படியாகாத நிலையில், 2008 தொடங்கி சில ஆண்டுகளில் கம்பெனி சுமார் 6,500 ஹெக்டேரை விற்றது. வாங்கியது கடலோர நிலங்களைக் காக்க 1975இல் அமைந்த அரசு நிறுவனம்.

அவர்கள் எடுத்த முடிவு துணிச்சலானது. முன்கரையைப் பராமரிப்பதில்லை. கடல் உடைத்தால் உடைக்கட்டும். ஊரைக் காக்க, உள்ளே தள்ளியிருக்கும் 1859ஆம் ஆண்டுக் கரையை நம்பினால் போதும். சொன்னபடி சில புயல்களில் முன்கரை உடைந்தது. பாத்திகளாக இருந்த இடத்தில் கடல் ஏறி இறங்குகிறது. மணல்திட்டு உள்வாங்கி வேறு இடத்தில் புதிதாய் உருவாகிறது. பல பத்தாண்டுகள் செத்துக் கிடந்த பாத்தித் தரையில் உமரி தானாக முளைத்தது. விலாங்கும் சின்ன மீன்களும் கடலுக்கும் காயலுக்கும் போய்வருகின்றன.

பூநாரைக்கு அது பிடிக்கவில்லை. மீன் வந்த இடத்தில் ஆர்ட்டீமியா போய்விடும். ஃபங்காசியே குளத்துக்கு அகழி நீர் வைக்கத் தனியாகப் பம்பு ஓட்டிப் பார்த்தார்கள். 2010களின் நடுவில் கூட்டம் அந்தத் தீவை விட்டுக் கிளம்பி, மேற்கே எக் மோர்த் உப்பளத்தில் போய்க் கூடு கட்டியது. அங்கே கம்பெனி இன்னும் உப்பு எடுக்கிறது, பம்பு ஓடுகிறது. பிரான்ஸின் பூநாரைக் குஞ்சு மறுபடி ஒரு தனியார் உப்பு வியாபாரத்தை நம்பித்தான் இருக்கிறது. மாறும் நீர்மட்டத்தில் ஆலா, உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகளும் திண்டாடுகின்றன: பாத்தி நடுவே இருந்த சின்னத் திட்டுகள் நீர் வற்றும்போது கரையோடு சேர்ந்துவிட, நரி வருகிறது.

சலின் தெ ஜிரோ மக்களின் கோபத்தைப் புரியாமை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாத்தா கட்டிய கரை, அப்பா வேலை பார்த்த உப்பளம். அது கண் முன்னால் கடலுக்குப் போவதை “புனரமைப்பு” என்று பலகை வைத்துச் சொன்னால் எரிச்சல் வரத்தான் செய்யும். அடுத்து ஊர்தானா என்ற பயமும் நியாயமானது. ஆனால் கணக்கும் பிடிவாதமானது. அரிக்கும் கரைக்கு முடிவில்லாமல் கல் கொட்டும் பணத்தை உப்பு விற்றே எடுக்க முடியாத இடத்தில், பறவையைக் காட்டி எத்தனை நாள் எடுப்பது? கடலை உள்ளே விட்டது சரி என்றே நினைக்கிறேன். பூநாரை போனது அதன் விலை. அதைத் தோல்வி என்று மறைக்கவும் வேண்டாம், வெற்றி என்று பூசி மெழுகவும் வேண்டாம். கம்பெனிப் பம்பின் தாளத்துக்கு ஒரே ஓர் இனத்தை வளர்த்தது போய், மீனும் மணலும் உமரியும் தம் போக்கில் நகர இடம் கிடைத்திருக்கிறது.

தீராத சிக்கல் வக்காரெஸ்தான். சேந்த் மாரி பக்கம் ஃபூர்க்காத் மதகு வழியாகத்தான் அது பெரும்பாலும் கடலோடு பேசுகிறது. மதகைத் திறந்தால் மீன்குஞ்சு உள்ளே வரும், கூடவே உப்பும். மழை குறைந்து, நெல் பரப்பு சுருங்கி, வடிகால் நீரும் குறைந்த ஆண்டுகளில் காயலின் உப்பு ஏறுகிறது. அடியிலுள்ள கடற்புல் மடிகிறது. மீனவர், நெல்காரர், காளை வளர்ப்பவர், வேட்டைக்காரர், காப்பிடக்காரர் எல்லாரும் உட்கார்ந்து மதகின் உயரத்தைப் பேசித் தீர்மானிக்கும் நீர்க்குழு ஒன்று இருக்கிறது. மருந்து கலந்த வடிகால் வேண்டாம் என்று ஒரு காலத்தில் சண்டை போட்ட காப்பிடக்காரர்கள், இன்று ரோனிலிருந்து நல்ல நீரைக் காயலுக்கு இன்னும் கொஞ்சம் இறைக்க வழியுண்டா என்று கேட்கிறார்கள். அந்தப் பம்பின் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதில்தான் பேச்சு நிற்கிறது.